பூவரசம் போத்து

சாயங்காலம் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போன மோகனப்பிரியா, கிணற்றோரம் நட்டிருந்த பூவரசம் போத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். காலையில் அது அவள் இடுப்பளவுதான் இருந்தது. இப்போது தோளைத் தாண்டியிருந்தது. காற்றே இல்லை, பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னை ஓலைகூட அசையவில்லை, ஆனால் அந்தக் குச்சியில் இருந்த இலைகள் மட்டும் யாரோ மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மேற்கே மலைக்கு மேல் இன்னும் வெயில் இருந்தது. இலைகள் அதைப் பார்க்கவில்லை. எல்லாமே வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்து வீட்டில் ஒரு வழக்கம். பட்டாளத்துக்குப் போகிறவன் கிளம்புகிற அன்று, பூவரசங் கிளை ஒன்றை ஒடித்துக் கிணற்றோரம் ஊன்றிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் போத்து துளிர்த்தால் ஆள் சுகமாக இருக்கிறான் என்று நம்பிக்கை. லீவில் வந்திருந்த அவள் புருஷன் அருள்குமாரை, எல்லையில் சண்டை மூண்டதும் பாதியிலேயே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவனும் ஊன்றிவிட்டுத்தான் போனான். போய்ச் சேர்ந்ததாக ஒரு போன் வந்தது. அதோடு சரி. அப்புறம் டிவியில் பார்த்த புகைதான்.

"பாரு அம்மணி, எப்படிப் பசபசன்னு வருது!" மாமியார் தெய்வாத்தாள் குடத்தோடு வந்தாள். "எம் பையன் நல்லா இருக்கறான். நீ சும்மா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத." தண்ணீரை ஊற்றிவிட்டு, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் அந்தக் குச்சியைத் தடவினாள். "வந்துரு சாமி. ஊட்டுக்கு வந்துரு."

பின்னால் மொபெட் சத்தம். அருள்குமாரின் சித்தப்பா பாலுசாமி. அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான், கார்கில் சண்டைக்குப் போய்த் திரும்பியவர்.

"ஏனுங்கண்ணி, இன்னைக்குப் பொழுது எறங்குனதும் ஊரு பூரா லைட்ட அமத்தோணுமாமா. சண்டைக்கு ஒத்திகை. சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேன்." போத்தைப் பார்த்துச் சிரித்தார். "அட, நல்லா வந்திருக்குதே! நான் போறப்ப ஊனுனது ஒரே வாரத்துல காஞ்சு கருவாடாயிருச்சு. எங்காத்தா ஒப்பாரி வெச்சு, கருமாதிச் சமையலுக்கு ஆளே சொல்லிட்டா. நான் பொட்டியத் தூக்கிட்டு வந்து முன்னால நிக்கறேன்!"

தெய்வாத்தாள் சிரித்தாள். மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கிணற்றுக்கு அந்தப் பக்கம் வானத்தை மறைத்து நின்ற பெரிய பூவரசைக் காட்டினாள்.

"அது யாருதுங் மாமா?"

"எங்க பெரியப்பனுது. எழுபத்தொண்ணு சண்டைக்குப் போனாரு. அது மளமளன்னு ஆளு ஒசரம் வந்துச்சாமா. ஆனா அவரு..." பாலுசாமி நிறுத்தினார். அவர் பார்வை பெரிய மரத்திலிருந்து இந்தப் போத்துக்கு வந்தது. சிரிப்பு போய்விட்டது.

"அப்ப, காஞ்சாத்தான்..."

"சும்மா கெட அம்மணி. மரத்துக்கு என்ன தெரியும்?" வண்டியை அவசரமாகக் கிளப்பினார்.

பொழுது இறங்கியது. பக்கத்துத் தோட்டத்து விளக்கு போனது, ரோட்டு விளக்குகள் வரிசையாகப் போயின, கடைசியில் அவள் வீட்டு விளக்கையும் அவளே அணைத்தாள். தெய்வாத்தாள் சாமி ரூமில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் போத்து வளர வளர அருள் போய்க்கொண்டிருக்கிறான். வேறெதுவும் மோகனப்பிரியாவின் மனசில் ஓடவில்லை. வெட்டினால் அவனுக்கே வெட்டு விழுந்துவிடுமோ என்று பயம். பிடுங்கிப் போட்டுவிட்டால் போதும். தானாகக் காயட்டும். அவன் திரும்பி வரட்டும்.

இருட்டில் கையை நீட்டித் தடவித் தடவித்தான் கிணற்றோரம் போனாள். பூவரசின் பச்சை வாசம் இல்லை. வேர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசம், அருளின் தலையணையில் இருக்கிற அதே வாசம். குச்சியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

சூடாக இருந்தது.

இழுத்தாள். மண் விரிசல் விட்டது. மறுபடியும் இழுத்தாள். இந்தத் தடவை அவள் மட்டும் இழுக்கவில்லை. கீழே இருந்து ஏதோ ஒன்று, அவளோடு சேர்ந்து, மேலே உந்தியது.

கையை விட்டாள். அதே நேரம் முன்வாசலில் போன் அடித்தது. அங்கேதான் டவர் கிடைக்கும் என்று அங்கேயே வைத்திருந்தாள். ஓடினாள்.

"ப்ரியா."

"ஏனுங்க... நெசமாலுமே நீங்கதானுங்களா?"

"பின்ன ஆவியா பேசுது? இப்பத்தான் லைன் குடுத்தாங்க. நல்லா இருக்கேன், அழுவாத. அம்மா எங்க?"

அவள் அழுதாள், சிரித்தாள். "சாமி ரூம்ல..." என்று திரும்பினாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா. தண்ணி குடு."

போனில் அருளுக்கும் அது கேட்டுவிட்டது.

"ப்ரியா... யாரு அது?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"அது என்னோட கொரலு. ப்ரியா, அங்க யாரு நிக்கறது? கதவச் சாத்து. அம்மாவை உள்ள..." இருமினான். "தொண்டையெல்லாம் வறளுது... என்னமோ..."

அதற்குமேல் சொல் வரவில்லை. லைன் கட் ஆகவில்லை. சருகை உள்ளங்கையில் வைத்துக் கசக்குகிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

ஊர் விளக்குகள் திரும்ப வந்தன. வீட்டுக்குள் அவள் அணைத்த சுவிட்சை யாரோ போட்டார்கள்.

நடந்தாள். கூடம். சமையலறை. திறந்து கிடந்த பின்கதவு.

கிணற்றோரம் போத்து இல்லை. ஒரு குழி மட்டும்.

பின்வாசல் படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அருளின் முதுகு. அருளின் தோள். உடம்பெல்லாம் ஈர மண். தெய்வாத்தாள் கீழே குந்தி, செம்பில் தண்ணீர் மொண்டு அவன் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே போனாள். பத்தோடு நிற்கவில்லை. மெல்லியதாக, வெள்ளையாக, கிளை கிளையாகப் பிரிந்து, அவை படியைத் தாண்டி அந்தக் குழி வரைக்கும் நீண்டு கிடந்தன.

"வந்துபோட்டான் பாரு கண்ணு!" தெய்வாத்தாளின் முகமெல்லாம் சிரிப்பு. "நிக்காத அம்மணி. ஒரு துண்டு எடுத்துட்டு வா."

அவன் மெதுவாகத் திரும்பினான். அருளின் முகம்தான். கண் மட்டும் இன்னும் திறக்கவில்லை, இரண்டும் பச்சை மொட்டாக மூடியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடது பக்கத்து மொட்டு நுனியில் பிளந்தது.