விரலை எடுக்காதீங்க

மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை.

நர்ஸ் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவர்களின் நாடி சில நாள் கண்ணாமூச்சி காட்டும். கட்டைவிரலுக்கு நேர்கீழே இருக்கும் சிறு பள்ளத்தில் இரண்டு விரல்களை வைத்து, கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் தளர்த்தி மறுபடியும் தேடினாள்.

"என்ன, ஆளைக் காணோமா?" என்று கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார் அம்மாள்.

முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் எங்கோ தூரதேசத்தில். வாரத்துக்கு இரண்டு நாள் பிற்பகலில் நர்ஸ் வருவதும், சாயங்காலம் சமையல்காரம்மா வந்து மணியடிப்பதும்தான் அந்த மூன்றாம் மாடி வீட்டின் மனித நடமாட்டம்.

வெளியே மழை. ஜன்னல் திரையின் ஈரவாடையும் தைல வாசனையும் கலந்து அறைக்குள் தேங்கி நிற்க, இவ்வளவு நேரம் முனகிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் திடீரென்று ஓய்ந்ததும், இந்த வீடு எவ்வளவு அமைதியானது என்பது நர்ஸுக்கு முதல்முறையாக உறைத்தது.

முழங்கை மடிப்பில் தேடினாள். பாதத்தின் மேல்பக்கம், கணுக்காலுக்குப் பின்னால், கழுத்தில் குரல்வளைக்குப் பக்கத்துப் பள்ளம். இதயம் ஒருமுறை சுருங்கினால் உடம்பிலுள்ள அத்தனை தமனிகளும் ஒருமுறை விம்மி அடங்க வேண்டும். எதுவும் விம்மவில்லை. தோல் மட்டும் குளிர்ந்திருந்தது, குழாய்த்தண்ணீர் போல.

விரலில் மாட்டும் நாடிக்கருவி வெறும் கோடுகளைக் காட்டியது.

"பேட்டரி தீர்ந்திருக்கும்மா," என்றார் அம்மாள்.

நர்ஸ் அதைத் தன் விரலில் மாட்டினாள். துடிப்பு எண்பத்து நான்கு.

வராந்தாவுக்குப் போய் டாக்டருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"பேஷன்ட் எப்படி இருக்காங்க?"

"நல்லா பேசுறாங்க டாக்டர். சிரிக்கிறாங்க."

"அப்புறம் என்ன சிஸ்டர்? நாடி இல்லாம யாராவது கதை பேசுவாங்களா? காலையில நான் வந்து பாக்குறேன்."

திரும்பி வந்தபோது அம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டியா? இங்க உக்காரு. எப்பவும் நீதானே எல்லாருக்கும் பாக்குற? உனக்கு யாரு பாக்குறது?"

சாதாரணமான கேள்விதான். தன் அறைப் பூட்டைப் பூட்டுவதும் அவள்தான், திறப்பதும் அவள்தான். ஒரு நாளைக்கு இருபது கைகளைப் பிடிப்பவள். அவள் கையை யாராவது பிடித்துப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று?

கையை நீட்டினாள்.

அம்மாளின் இரண்டு விரல்களும் தேடாமல், தடவாமல், சரியான இடத்தில் போய் உட்கார்ந்தன.

"ஒண்ணு... ரெண்டு..."

மழைச்சத்தம் தள்ளிப்போனது. உடம்பின் பாரமெல்லாம் அந்த இரண்டு விரல்களின் கீழே இறங்கிக்கொண்டிருப்பது போல ஒரு சுகம். எண்ணிக்கை நீண்டது. இடைவெளியும் நீண்டது. நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே அவள் கண்ணயர்ந்தே போனாள்.

விழித்தபோது அம்மாளின் கன்னம் சிவந்திருந்தது. கழுத்தோரம் தோல் துடித்துக்கொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு.

நர்ஸ் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அறையின் ஓரங்கள் கறுத்தன. காது அடைத்தது. தன் மணிக்கட்டைத் தொட்டாள். இல்லை. கழுத்து. இல்லை. இடது மார்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஆள் காலிசெய்த வீடு.

"விட்டா போயிடும்மா," என்றார் அம்மாள், மெதுவாக. "கொடு."

கொடுத்தாள்.

விரல்கள் பட்டதும் ஒரு துடிப்பு. இன்னொன்று. வெளிச்சம் திரும்பியது. அம்மாளின் கையை அவளாகப் பற்றிப் பார்த்தாள், பயனில்லை. தன் விரலையே வைத்துப் பார்த்தாள்; அதுவும் இல்லை. அந்த இரண்டு விரல்கள்தான் வேண்டும். அவராக வைக்க வேண்டும்.

"விரலை எடுக்காதீங்கம்மா."

"எங்க போகப் போறேன்? நமக்கு வேற யாரு இருக்கா?"

அழைப்பு மணி அடித்தது. சமையல்காரம்மா. கதவு பத்தடி தூரத்தில். கூப்பிட வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது, கதவுவரை எட்டும் குரல் வரவில்லை. மறுபடியும் மணி. மறுபடியும். பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கி, மழையில் கரைந்தது.

ஜன்னல் வெளிச்சம் மங்கியது. அம்மாள் கொட்டாவி விட்டார்.

"ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லா தூக்கம் வருது."

"அம்மா. தூங்காதீங்க. அம்மா."

இமைகள் மூடின. மெல்லிய குறட்டை.

அவள் அசையவில்லை. அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவிரல் முதலில் தளர்ந்தது.