முளைக்கக் கூடாத தட்டு

கிருஷ்ணவேணி சித்தி நாலு வருடமாக டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அது ஊசி போடும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கும் பட்டம் என்று எத்தனை முறை சொன்னாலும் வலியசாலைத் தெருவில் யாரும் விடுவதில்லை. சித்தி பஸ்ஸுக்கு ஓடும்போதுகூட நிறுத்தி, நாக்கை நீட்டிக் காட்டுவார்கள்.

இசக்கிசெல்விக்குப் பத்து வயது. கோடை விடுமுறை. அம்மா கிழக்கேகோட்டையில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்விடுவாள். அதனால் இசக்கிசெல்வி தினமும் சித்தியோடு ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

உள்ளே சிறுவர்களுக்கு அனுமதி இல்லை. வெளியறையில் பெரிய கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்காரலாம். உள்ளே நடப்பது எல்லாம் தெரியும், ஒன்றும் கேட்காது.

"சித்தி, கிருமி வந்தா உடம்பு அடிச்சு விரட்டும்னு புத்தகத்துல இருக்கு. அப்போ மோர்ல இருக்கிற கிருமியை ஏன் விரட்டல?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் மக்களே நாலு வருஷமா இங்கே கிடக்கேன்."

ஒரு திங்கட்கிழமை சித்தி உள்ளேயிருந்து முகம் வாடி வந்தாள். கையில் மூடி போட்ட வட்டமான பிளாஸ்டிக் தட்டு. உள்ளே கிருமி வளர்க்கும் கடல்பாசி ஜெல்லி. அதன் மேல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள்.

"அழகா இருக்கே சித்தி."

"அழகுதான். ஆனா இது முளைக்கக் கூடாத தட்டு. கண்ட்ரோல்னு பேரு. மத்த தட்டுல எல்லாம் நான் கிருமி போடுவேன், இதுல ஒண்ணும் போட மாட்டேன். இது கடைசிவரை காலியா இருக்கணும். இதுல முளைச்சா, எங்கிருந்தோ வேற கிருமி புகுந்துட்டுன்னு அர்த்தம். மத்த தட்டையும் நம்ப முடியாது. மூணாவது தடவை இப்படி ஆகுது."

சித்தி தட்டை மேசையில் வைத்தாள். "என் கை சுத்தமில்லைன்னு கைடு சொல்லிட்டார். அடுத்த தடவையும் முளைச்சா, இந்த ஆராய்ச்சியை என்கூடப் படிக்கிற சுமந்த்கிட்ட கொடுத்துடுவாராம். நாலு வருஷமும் போச்சு."

கைடு என்றால் பேராசிரியர் பூதலிங்கம். சித்தியின் ஆராய்ச்சிக்கு அவர்தான் வழிகாட்டி. ஆய்வுக்கூடத்தில் எட்டு இடங்களில் 'பேசக் கூடாது' என்று பலகை வைத்து, எட்டிலும் கையெழுத்துப் போட்டிருப்பவர்.

இசக்கிசெல்வி தட்டையே பார்த்தாள்.

"சித்தி, இது வெள்ளிக்கிழமை சார் திறந்து காட்டின தட்டா?"

"திறந்தாரா? எப்போ?"

"விருந்தாளிங்க வந்தாங்கல்லா, அப்போ. நீங்க அவங்களுக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கப் போயிருந்தீங்க. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிட்டு, ஒண்ணுமே இல்லாத தட்டு ஒண்ணைத் திறந்து எல்லார்கிட்டயும் காட்டினார். ரொம்ப நேரம் பேசினார். மூணு வெள்ளிக்கிழமையும் இதேதான்."

சித்தி பக்கத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். கைடு மற்ற தட்டுகளைத் தொடமாட்டார். தன் ஆய்வுக்கூடம் எவ்வளவு சுத்தம் என்று காட்ட, சுத்தமான தட்டைத்தான் திறப்பார்.

"போய்ச் சொல்லுங்க சித்தி."

"யார்கிட்ட? 'சார், உங்க வாய்தான் காரணம்'னா? அன்னைக்கே என் படிப்பு முடிஞ்சுது."

இசக்கிசெல்வி கொஞ்ச நேரம் காலை ஆட்டினாள். "எனக்கு ரெண்டு தட்டு தருவீங்களா? ஒண்ணும் போடாத பழசு போதும்."

மறுநாள் பூதலிங்கம் சார் வெளியறை வழியாகப் போனார்.

"சார், நீங்க விருந்தாளிங்ககிட்டப் பேசினது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேக்கல. எனக்கும் ஒரு தடவை சொல்வீங்களா?"

சாரின் முகம் மலர்ந்தது. பேச்சைக் கேட்கிறேன் என்று தானாக வந்து சொன்ன முதல் ஆள் இவள்தான்.

"தட்டைத் திறந்து வச்சுக்கிடலாமா சார்?"

"தாராளமா."

சார் தட்டின் மேல் குனிந்து தொடங்கினார். தலைப்பு, 'ஆய்வுக்கூடத்தில் ஏன் வாயைத் திறக்கக் கூடாது.' பதினெட்டு நிமிடம் பேசினார். நடுவில் இரண்டு முறை இருமினார்.

அவர் போனதும் அந்தத் தட்டை மூடி டேப் ஒட்டினாள். பிறகு அதே மேசையில் இரண்டாவது தட்டைப் பதினெட்டு நிமிடம் திறந்துவைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றாள். அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அவளுக்கே ஆச்சரியம். தட்டுகளின் அடிப்பக்கத்தில் பெயரும் நேரமும் எழுதினாள். மூடி மாறிப்போகும் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அடியில்தான் எழுதுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, விருந்தாளிகள் வருவதற்கு முன், அவள் சார் அறைக்குப் போனாள். கூடவே போன சித்தி வாசலோடு நின்றுவிட்டாள்.

"சார், இந்தத் தட்டு ரெண்டையும் பாருங்க."

ஒன்றில் இரண்டே புள்ளிகள். மற்றதில் எண்ண முடியாதபடி முளைத்திருந்தது.

"சே. இது எவன் செய்த வேலை? மாஸ்க் போடாம எவனோ வாய் ஓயாம பேசியிருக்கான். பாத்தாலே தெரியுதே."

"அடியில பேர் இருக்கு சார்."

சார் திருப்பினார். 'பூதலிங்கம் சார், 18 நிமிடம்.'



சார் வாயைத் திறந்தார். மூடினார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற யார்கிட்டயாவது காட்டினியா?" மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் சின்னதாக வந்தது.

"இல்ல சார். உங்ககிட்டத்தான் முதல்ல."

சார் தலையசைத்தார். வாசலைப் பார்த்தார். "கிருஷ்ணவேணி, உன் கையில ஒரு குறையும் இல்ல. நாலாவது தடவை நீயே செய். சாயா வாங்க நான் போறேன்."

அன்று விருந்தாளிகள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். சார் அவர்களுக்குப் பழம்பொரியை நீட்டினாரே தவிர, ஒரு தட்டையும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை சித்தி கண்ட்ரோல் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இசக்கிசெல்வி மூக்கை அப்பிக்கொண்டு பார்த்தாள். வழவழவென்று வெறும் ஜெல்லி. ஒரு புள்ளிகூட இல்லை.

சித்தி வெளியே ஓடிவந்து அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். உடனே ஜவுளிக்கடைக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஒண்ணுமே முளைக்கல."

மறுமுனையில் அம்மா பெருமூச்சு விட்டாள்.

"போகட்டும், வருத்தப்படாதே. அடுத்த தடவை நல்லா முளைக்கும்."