ஆறு ஜோடிக் கையுறை

காலை 10.00. குளிர்கால ஐஸ்லாந்தின் வடமேற்குக் கரையில் இன்னும் விடியவில்லை. மூழ்கிய மீன்பிடிக் கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய கேப்டன் ஹால்டோரின் உடல் மீன் கிடங்கு மேஜையில் கிடந்தது. மற்ற நால்வரைக் கடல் தரவில்லை.

பிழைத்தவன் இன்ஜின்காரன் தோர்கில்ஸ் மட்டும். ஆறு பேர் ஏறும் ரப்பர் மிதவையில் நேற்றுத் தனியாக அகப்பட்டான்.

கேப்டனின் மனைவி ஸோல்வெய்க் சுவரோரம் நின்றாள். ஊரார் கண்ணில் அவள் குடித்துவிட்டு நாலு பேரைச் சாகடித்தவனின் பெண்டாட்டி. யாரும் அவள் அருகே வரவில்லை.

"மறுபடி சொல்லுப்பா தோர்கில்ஸ்," என்றார் போலீஸ்காரர் ஸ்டெய்னார்.

"எத்தனை தடவை? முந்தாநாள் காலையில கிளம்பினோம். வலைகூட இறக்கல. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தளமெல்லாம் ஐஸ் கட்டிக்கிச்சு. கேப்டன் போதையில கிடந்தாரு. அவர் சொல்லாம ஐஸ் வெட்ட யாரும் கோடாலி எடுக்கல. பாரம் தாங்காம ஆறரைக்குக் கப்பல் கவுந்துடுச்சு."

"அரை மணி நேரத்துலயா?"

"ஐஸ் என்ன, கடிகாரம் பாத்தா வரும்?"

"கடல்ல அவர் குடிக்கவே மாட்டாரு," என்றாள் ஸோல்வெய்க்.

"வேற எப்படிச் சொல்லுவீங்க அண்ணி?" என்றான் தோர்கில்ஸ்.

ஸ்டெய்னார் பிணத்தின் கையைத் தூக்கினார். இரண்டு கட்டைவிரல் வைத்த கம்பளிக் கையுறை. ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

"யார் பின்னினது?"

"நான்தான். ஆறு பேருக்கும் ஆறு ஜோடி. கிளம்புற அன்னிக்குத்தான் கொடுத்தேன்."

"தோர்கில்ஸ், உன்னோடதை எடு."

தோர்கில்ஸ் பையிலிருந்து எடுத்தான். பின்னிய அன்றிருந்த கம்பளிப் பிசிறு அப்படியே இருந்தது.

ஸ்டெய்னார் கேப்டனின் கையுறை இரண்டையும் கழற்றி அருகே வைத்தார். உள்ளங்கை கிழிந்திருந்தது. திருப்பினார். மறுபக்கமும் கிழிந்திருந்தது. இரண்டு பக்கமும் கோடாலிக் காம்பின் சிவப்புச் சாயம்.

"வலை இறக்கலேன்னு நீதான் சொன்னே. அப்போ இது ஐஸ் வெட்டித் தேஞ்சது. ஒரு பக்கம் கிழியவே பாதி ராத்திரி ஆகும். ஆறரைக்குக் கப்பல் கவுழல தோர்கில்ஸ். ஆறரைக்கு நீ மிதவையை எடுத்துக்கிட்டு ஓடினே."

தோர்கில்ஸ் உதட்டை நக்கினான். "மூழ்கிடும்னு நினைச்சேன். அவங்க இவ்வளவு நேரம் தாங்குவாங்கன்னு..."

"தாங்கினாங்க. மிதவைதான் இல்ல."



ஸோல்வெய்க் மேஜை அருகே வந்தாள். தோர்கில்ஸின் புதுசாகவே இருந்த ஜோடியை எடுத்தாள். கணவனின் வெறுங்கைகளில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள்.