மேசையில் தட்டுகிற மனிசன்

டொக், டொக்.

அந்த ஞாயிறு காலையும் நிக்கலஸ் இரண்டு விரலை மடித்து மேசையில் தட்டினான். அவனுடைய கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த எமிலியாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“பிள்ளை எமிலியா! தம்பி தட்டுறான், ஓடிப்போய் ஊத்து!” என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

குரல் நிக்கலஸின் அக்கா விக்ரோரியாவுடையது. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் அந்த வீடு அவளுடைய கணவன் குருசுமுத்துவின் பெயரில்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு அதிகாரி யார் என்று கேட்டால் பக்கத்து வீட்டு டேனிஷ்காரர்கூட விக்ரோரியாவைத்தான் காட்டுவார்.

“ஊத்திக்கொண்டுதான் இருக்கிறன் மச்சாள்! ஊத்த ஊத்தத் தட்டினால் நான் என்ன செய்யிறது? இதென்ன சாப்பாட்டுக் கடையோ? நான் என்ன வெயிற்றரோ?”

“உழைக்கிற ஆம்பிளை தட்டத்தான் செய்வான். நீ பேசாமல் ஊத்து.”

நிக்கலஸ் வாயே திறக்கவில்லை. அவன் எப்போது திறந்தான், இப்போது திறக்க? ஹேர்னிங் சீனச் சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. வருவான், குளிப்பான், மேசையில் இருப்பான். எமிலியா தேநீர் ஊற்றத் தொடங்கினால் டொக், டொக். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “உங்கட கை சும்மா இருக்காதோ?” என்று கேட்டாள். முகம் சிவந்து சிரித்தான் அந்த மனிதன். சிரித்துவிட்டு இன்னொரு தரம் தட்டினான்! நக்கல்தானே அது? வேறென்ன?

கலியாணம் முடிந்த கையோடு கப்பலும் விமானமுமாய் அவன் டென்மார்க்குக்கு வந்துவிட்டான். பின்னால் இவளைக் கூப்பிட விண்ணப்பப் பத்திரம் போட்டான். தமிழருடைய பத்திரங்களைத் தொடாமலே அமைச்சில் தூங்கவிட்ட காலம் அது. இங்கே பத்திரம் தூங்க, அங்கே யாழ்ப்பாணத்தில் எமிலியா தூங்காமல் மாமியாரைப் பார்த்தாள். ஷெல் விழும்போது அந்த மனுசியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். கடைசிக் கஞ்சியும் அவள் கையால்தான். மாமியாரை அடக்கம் செய்து, கிளாலிக் கடல் கடந்து, கொழும்பில் காத்துக் கிடந்து, போன கோடையில்தான் வந்து சேர்ந்தாள்.

வந்த நாட்டிலோ எதற்கெடுத்தாலும் ‘தக்’, நன்றி. பஸ்காரன் தக் என்கிறான், பேக்கரியில் பாண் விற்கிறவள் தக் என்கிறாள். தாலி கட்டியவன் மட்டும் மேசையில் தட்டுகிறான்.

எமிலியா கேத்தலை வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“இண்டைக்கு உங்கட முதலாளியின்ர சீன வருசப்பிறப்பு விருந்துக்கு வாறன். கூப்பிட்ட மனிசருக்கு மரியாதை குடுக்கவேணும். ஆனால்... அது முடிய என்னை ரண்டர்ஸில என்ர றெஜினா அக்கா வீட்டை விட்டிடுங்கோ. பெட்டி கட்டிப்போட்டன்.”

“ஐயோ மாதாவே!” விக்ரோரியா அகப்பையோடு ஓடிவந்தாள். “என்னடி கதை இது? ஆரும் அறிஞ்சால் எங்கட மானம் என்னாகிறது?”

“மானத்தை நீங்கள் வைச்சிருங்கோ மச்சாள். எனக்கு மரியாதை போதும்.”

குருசுமுத்துவுக்குப் பாண் தொண்டையில் அடைத்தது. அவருக்குத் தேநீர் கொடுக்க அங்கே யாருக்கும் நினைவில்லை. நிக்கலஸ் எழும்பினான். பெட்டியைத் தூக்கிக் காரின் பின்பக்கம் வைத்தான். அப்போதும் ஒரு சொல் இல்லை. ‘தடுக்கக்கூட மனமில்லையே...!’ என்று நினைத்துக்கொண்டே எமிலியா காரில் ஏறினாள்.

விருந்து நடந்த சீனக் கடையின் கதவில் சிவப்புத் தாள்கள் ஒட்டியிருந்தன. உள்ளே பெரிய வட்ட மேசை, நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு.

“குரங்கு வருசம் பிறந்திருக்காம்,” என்றார் குருசுமுத்து. “மச்சானுக்கு நல்ல பொருத்தம்.” சொல்லிக்கொண்டே கண்ணாடித் தட்டைச் சுழற்றி இறாலைத் தன் பக்கம் கொண்டுவந்தார். விக்ரோரியா அதைத் திருப்பிச் சுழற்றினாள்.

முதலாளி லாவ் சீனாவில் பிறந்தவர். இளந்தாரியாய் இருந்தபோது கள்ளமாய்க் கடலில் நீந்தி ஹொங்கொங்குக்குப் போனவர். மனைவி பல வருடம் ஊரில் காத்திருந்து பிறகுதான் அவரிடம் வந்து சேர்ந்தாளாம். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தேநீர்க் கேத்தலை எமிலியாவின் கையில் கொடுத்தாள். மேசையில் இளையவள் ஊற்றுவது அவர்கள் வழக்கம்.

எமிலியா லாவுக்கு ஊற்றினாள். டொக், டொக்.

அவள் திடுக்கிட்டாள். லாவின் மனைவிக்கு ஊற்றினாள். டொக், டொக். சமையல்காரனுக்கு ஊற்றினாள். அவனும் டொக், டொக்! பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியாய்ப் புருசனுக்கு ஊற்றினாள்.

டொக், டொக்.

கேத்தலை ‘ணங்’ என்று வைத்தாள் எமிலியா.

“காணும்! இஞ்சதான் பழகினீங்களோ இந்தப் பழக்கத்தை? உங்கட அம்மாவுக்குக் கடைசி மட்டும் கஞ்சி பருக்கினனான்... ஒரு நாள் முகம் சுழிச்சனானோ? எங்கட பேப்பரை அமைச்சில போட்டு வைச்சதுக்கு இண்டைக்கு விசாரணை வைச்சு ரீவீயில காட்டுறாங்கள். எனக்கு நடந்ததுக்கு ஆர் விசாரணை வைக்கிறது?”

சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. லாவ் பதறிப்போய், தேநீர் ஆறிவிட்டதோ என்று டேனிஷில் கேட்டார். குருசுமுத்து இறாலை விழுங்கிவிட்டு, நீங்கள் எல்லோரும் ஏன் மேசையில் தட்டுகிறீர்கள் என்று கேட்கிறாள் என்றார். லாவுக்கு முகம் மலர்ந்தது. கையை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கினார். குருசுமுத்து தமிழாக்கினார்.

“முந்தி ஒரு காலத்தில சீனச் சக்கரவர்த்தி மாறுவேசத்தில நாட்டைப் பார்க்கப் போனாராம். ஒரு தேத்தண்ணிக் கடையில சேவகரோட இருந்தாராம். வடையும் இருந்ததாம்...”

“வடை எண்டு அவர் சொன்னவரோ?” விக்ரோரியா கேட்டாள்.

“வெறும் தேத்தண்ணியோ குடிப்பினம்? பொறப்பா! சக்கரவர்த்தி தன்ர கையாலயே சேவகருக்கு ஊத்தினாராம். அவையளுக்கு நடுக்கம். ராசா கையால ஊத்தினால் முழங்காலில விழவேணும். விழுந்தால் ராசா ஆரெண்டு கடைக்காரனுக்கு விளங்கிப்போடும். அப்ப ஒரு சேவகன்...”

லாவ் தன் இரண்டு விரலை மடித்து மேசையில் ஊன்றிக் காட்டினார். குருசுமுத்துவின் குரல் தானாகவே இறங்கியது.

“...இது ரெண்டும் முழங்காலாம். விரலாலேயே முழங்காலில விழுந்தானாம். அண்டையிலயிருந்து, ஊத்துற கைக்குக் குடுக்கிற மரியாதையாம் இது.”

எமிலியா மெதுவாகத் திரும்பினாள்.

“உங்களுக்கு இது தெரியுமோ?”

“தெரியும்,” என்றான் நிக்கலஸ்.

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“வெக்கமாக் கிடந்தது.” அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “வந்த புதுசில இந்தக் கடை மேலறையிலதான் படுத்தனான். மனிசி ஊத்த ஊத்த லாவ் தட்டுவார். கேட்டன், சொன்னார். நீர் வந்து எனக்கு ஊத்தேக்க நானும் தட்டவேணும் எண்டு அண்டைக்கே நினைச்சனான். நன்றி எண்டு சொல்ல எங்கட வாய்க்கு வராது எமிலி... அம்மாவுக்கு நான் செய்யவேண்டியதை நீரெல்லோ செய்தனீர்? அதுக்கு முழங்காலில நிண்டாலும் காணாது.”

“பெட்டியைத் தூக்கேக்க ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே!”

“மறிக்க எனக்கென்ன உரிமை இருக்கு எண்டு நினைச்சன்...”

“விசர் மனிசன்! ஒவ்வொரு நாளும் முழங்காலில நிண்டுபோட்டு வாயை மட்டும் பூட்டி வைச்சிருந்தீரே!” எமிலியா ஆத்திரத்தில் ‘நீங்கள்’ என்பதை விட்டு அவனை ‘நீர்’ என்றே சொல்லிவிட்டாள். அதை யாரும் கவனிக்குமுன் அவன் தோளில் முகத்தைப் புதைத்து விம்மினாள். எதுவும் விளங்காத லாவின் மனைவியும் கண்ணைத் துடைத்தாள். சமையல்காரன் எமிலியாவின் சாப்பாட்டுத் தட்டில் மீன் துண்டொன்று வைத்தான்.

விக்ரோரியா மூக்கைச் சிந்தினாள். “பிள்ளை... நானும் சேர்ந்து உன்னை விரட்டினன். மனசில வைச்சிராதை.” சொல்லிவிட்டுச் சடாரென்று புருசன் பக்கம் திரும்பினாள். “இஞ்சாருங்கோ! கலியாணம் கட்டின நாளில இருந்து என்ர கையால தேத்தண்ணி குடிக்கிறியள். ஒருக்காலாவது தட்டினீங்களோ?”

குருசுமுத்து பயத்தில் இரண்டு உள்ளங்கையாலும் மேசையில் அடித்தார். கண்ணாடித் தட்டு சுழன்று, சோயாச் சாறு அவருடைய பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

கார் ரண்டர்ஸ் பக்கம் போகவில்லை. பெட்டியைத் திரும்பவும் மாடிக்குத் தூக்கியது குருசுமுத்து. அது அவருக்கு விக்ரோரியா விதித்த தண்டனை.

மறுநாள் காலை விக்ரோரியா போர்வைக்குள்ளேயே கிடந்தாள். கீழே மேசையில் சத்தம் கேட்டது.

டொக், டொக்.

“பிள்ளை எமிலியா!” கண்ணைத் திறக்காமலே கத்தினாள். “தம்பி தட்டுறான், ஓடிப்போய் ஊத்து!”

“அவர் ஊத்திப்போட்டார் மச்சாள்,” என்று கீழேயிருந்து பதில் வந்தது. “இப்ப தட்டினது நான்.”