ஒரே வரிசையில் இருவர்

"கொஞ்சம் தள்ளிக்கோங்க, ப்ளீஸ்!"

சரி என்று அவள் சொல்வதற்குள் அவன் குடைக்குள் வந்துவிட்டான். கொட்டுகிற மழை... சட்டைக்குள் லேப்டாப்பை ஒளித்துக்கொண்டு, கண்ணாடியில் நீர் வழிய, யாரென்றே தெரியாத ஒருத்தன்!

"ஹலோ... இது என் குடை."

"தெரியுது. பூப் போட்டிருக்கு."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "நீங்க எங்க போகணும்?"

"மருந்து குடோனுக்கு. கம்ப்யூட்டர் மாத்த வரவேண்டியவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலா என்னைத் துரத்திட்டாங்க."

அவள் நின்றுவிட்டாள். அந்தக் குடோனின் கம்ப்யூட்டர் அறையே அவள் ராஜ்ஜியம்தான். விரல்கள் கீபோர்டில் பறக்கும் வேகத்தைப் பார்த்து லாரி டிரைவர்கள் அவளுக்கு 'மின்னல்' என்று பேர் வைத்திருந்தார்கள். அன்றைக்கே அவள் அவனுக்கு வைத்த பேர், பதிலாள்.

அடுத்த வாரம் முழுக்க ஒரே அறை, எதிரெதிர் நாற்காலிகள். பீரோ உயரத்துக்கு நின்று இரைந்துகொண்டிருந்த பழைய இயந்திரம் போய், மேசைக்கடியில் அடங்குகிற புதியது வந்தது. ஆனால் உள்ளே ஓடவேண்டியவை அதே பழைய புரோகிராம்கள்தான். அவற்றைத் திருத்தி எழுத நேரமில்லை. அதனால், இன்னமும் பழைய வீட்டில்தான் இருக்கிறோம் என்று அவை நம்பும்படி, புதிய இயந்திரத்துக்குள்ளேயே அவன் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தான்.

"அதுங்களை ஏமாத்தறீங்க" என்றாள்.

"ஏமாத்தலை. மிரளாம பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ஐயோ, அந்தக் கண்கள்... மழைக்குப் பிறகு கழுவித் துடைத்தாற்போல! அவள் அவசரமாகத் திரையைப் பார்த்தாள். திரையில் ஒன்றுமே இல்லை.

புதிய இயந்திரம் பொறுப்பேற்ற அன்று காலையில் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

டயாலிசிஸ் திரவப் பைகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போகவேண்டிய நாள். எந்த லாரியில் எந்தப் பெட்டி என்ற பட்டியல் வரவில்லை. கெட்டுப்போனதென்று கம்பெனி திரும்பக் கேட்ட சரக்கும் அதே அடுக்குகளில் கலந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பட்டியல் போடுவது புரோகிராம்களின் வேலை. கண்ணால் பார்த்துப் பொறுக்கினால் பொழுது சாய்ந்துவிடும். தவறி ஒரு பெட்டி போய்விட்டால்... நோயாளியின் உயிருக்கே ஆபத்து.

'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றே சொன்னது திரை. வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பதிலாள் கீழே கேபிளைச் சரிபார்க்கப் போயிருந்தான். பொறுக்கமாட்டாமல் அவள் பட்டியல் போடும் அந்த ஜாபை நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள். மறுபடியும் கல்லாய் நின்றது.

திரும்பி வந்தவன் முகம் வெளுத்தது. "யார் நிறுத்தினது? பாதி ஆஸ்பத்திரிக்குச் சரக்கு ஒதுக்கி முடிச்சிருக்கு. நீங்க மறுபடி ஓட்டினதுல கணக்குல ரெண்டு தடவை கழிஞ்சிருக்கு!"

"நான் நிறுத்தறதுக்கு முன்னாடியே அது நின்னுபோச்சு!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

அப்போது போன் அடித்தது. மேனேஜர். அவள் எதிரிலேயே அவன் சொன்னான்: "ஆபரேட்டர் அவசரப்பட்டுட்டாங்க சார்..."

சுருக்கென்றது. ஒரு வாரமாய் எதிரில் உட்கார்ந்து சிரித்தவனா இவன்? விருட்டென்று எழுந்து வராந்தாவுக்குப் போனாள். கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. அம்மா.

"சித்தப்பாவை டயாலிசிஸ் பண்ணாம ஆஸ்பத்திரியில வெளியிலயே உக்காரவச்சிருக்காங்கடி. மருந்துத் தண்ணி இன்னும் வரலையாம். கால் வீங்கியிருக்கு, மூச்சு வாங்குது... உங்க குடோன்லேருந்துதானே வரணும்?"

அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர் சித்தப்பா. "வந்துடும்மா" என்று மட்டும் சொன்னாள். திரும்பினால், வாசலில் அவன். எல்லாம் கேட்டிருக்கிறான்.

"சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "காலையில எடுத்த நகல் என்கிட்ட இருக்கு. சரக்குக் கணக்கைப் பழையபடி கொண்டுவந்துடறேன். அது ஏன் நிக்குதுன்னு நீங்க கண்டுபிடிங்க."

அவள் விரல்கள் பறந்தன. அவன் திரையையே வெறித்தான்.

"நான் சோதிச்சப்போ நல்லாத்தானே ஓடிச்சு..."

"எப்படிச் சோதிச்சீங்க?"

"ஒவ்வொண்ணா, கையால ஓட்டி."

"வரிசையில விடலையா?" அவள் கை நின்றது. "பழைய மெஷின்ல பட்டியல் போடறதுக்கு ஒரு வரிசை, கெட்ட சரக்கைப் பார்க்கறதுக்கு வேற வரிசை. இப்ப?"

அவன் திரையை உருட்டிப் பார்த்தான். "ரெண்டையும் ஒரே வரிசையில போட்டுட்டேன்."

ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும் வரிசை. முன்னால் நின்ற பட்டியல் புரோகிராம், கெட்ட சரக்கு எது என்ற பதிலுக்காகக் காத்திருந்தது. பதில் சொல்லவேண்டிய புரோகிராமோ, அது நகரட்டும் என்று அதன் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தது. இப்படியே விட்டால் இரண்டும் காலத்துக்கும் நின்றிருக்கும்.

அவன் இரண்டாவதைப் பிரித்துத் தனி வரிசைக்கு மாற்றினான். "கணக்கு?"

"சரியாயிடுச்சு. ஓட்டுங்க."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கணம்... இன்னொரு கணம்... பிரின்டர் ஒருமுறை இருமியது. பிறகு கடகடவென்று பட்டியலைத் துப்ப ஆரம்பித்தது! முதல் தாளைக் கிழித்துக்கொண்டு அவள் படிகளில் ஓடினாள்.

கடைசி லாரியும் கிளம்பிய பிறகு திரும்பிவந்தாள். அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"இல்ல சார், தப்பு என்னோடது. அவங்க கண்டுபிடிக்கலைன்னா இன்னும் தடவிட்டுத்தான் இருப்பேன்."

அவள் போனை வாங்கினாள். "சார், கேக்காம நிறுத்தினது நான்தான். அதையும் சேர்த்துக்கோங்க."

சாயங்காலம் அம்மா மறுபடி பேசினாள். சித்தப்பாவுக்கு டயாலிசிஸ் முடிந்துவிட்டதாம். பசிக்கிறது என்றாராம். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கேட்ட அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் வந்து நின்றான் அவன்.

"நாளைக்கு வேற ஊருக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"ஓ..." என்றாள். என்ன ஓ? போகாதே என்று சொல்லேன்டி, பைத்தியமே!

"காலையில உங்க மேல பழி போட்டேனே... வீம்பு. இத்தனை பேர்ல உங்க முன்னாடி மட்டும் முட்டாளா நிக்கக் கூடாதுன்னு. அது ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. வேலை முடிஞ்ச சந்தோஷத்துல உளர்றேன்னு நினைச்சுடாதீங்க."

அவளுக்குக் காதுமடல் சுட்டது. "மேனேஜர்கிட்ட என்னைப் போட்டுக்கொடுத்தீங்க. அதுக்கு இன்னும் கோபம் போகலை."

"எப்பப் போகும்?"

"தெரியலை. யோசிக்கணும்."

"யோசிங்க. ஆனா உங்க பஸ் வருதே..."

வந்தது. நின்றது. கதவு திறந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்து, "ஏறும்மா, நேரமாகுது" என்றார்.

அவள் அசையவில்லை. கண்டக்டர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ... சிரித்துக்கொண்டே விசில் கொடுத்தார்.

பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"எனக்கும்தான்... பிடிச்சிருக்கு."