ஏன்பொறிக்குப் பிடிக்காத பதில்

தவசீலன், வயசு இருபத்தி மூணு. இப்ப இருக்கிறது சிங்கப்பூருக்குத் தெற்க, கடல்ல மிதக்கிற கிரேன் பள்ளிக்கூடத்துல, அறுபது அடி உசரத்துல தொங்குற கண்ணாடிக் கூண்டுக்குள்ள. இன்னைக்குப் பரீட்சை. தேறலன்னா நாளைக்கே ஊருக்கு அனுப்பிருவாங்க.

கூண்டுல கூடவே ஏன்பொறின்னு ஒரு மெஷினும் இருக்கு. லிவரைத் தொட்டா "ஏன்?"னு கேக்கும். சரியான காரணம் சொன்னாத்தான் லிவர் அசையும். நிறுத்துனாலும் கேக்கும். காரணமில்லாம மூணு தடவை நிறுத்துனா ஃபெயில். பசங்க யோசிச்சு வேலை பழகட்டும்னு வச்சது. நம்ம ஆளுங்க என்ன பண்ணுனாங்க? இருநூறு காரணத்தையும் நோட்டுல எழுதி, பல்லு விளக்கும்போதுகூட மனப்பாடம் பண்ணாங்க. பொறிக்கும் திருப்தி, வாத்தியாருக்கும் திருப்தி.

தவசீலன் பரீட்சைக்கு வச்ச சரக்குப் பெட்டியை ஒரு சாண் தூக்குனான். எடை சரி, காத்து சரி, கயிறு சரி. ஆனா கை கூசுச்சு. நிறுத்திட்டான்.

"ஏன்?"

"காத்து அதிகம்."

"தவறு. ஒன்று."

மறுபடி தூக்கி, மறுபடி நிறுத்துனான்.

"கயிறு முறுக்கு."

"தவறு. இரண்டு."

கீழ கொடி காட்டுறவன் இருதயராஜ், அவனோட ரூம்மேட், வாக்கிடாக்கியில கத்துனான். "லேய், தூக்குல! பெட்டியைத் தூக்கச் சொன்னா பொட்டியைக் கட்டுறியே!"

"நீ முதல்ல அங்கிருந்து தள்ளிப் போடா."

"ஏன்?"

"நீயுமாடா? தெரியலடா! மனசு ஒப்பல!"

மூணாவது தடவையும் நிறுத்துனான். சிவப்பு விளக்கு எரிஞ்சிருச்சு. அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இறங்குனான்.

தேர்வாளர் மரகதம் மேடம் பெட்டியைத் திறந்தாங்க. உள்ள இரும்புக் குழாய் கட்டுன பட்டை அறுந்து கெடந்துச்சு. இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தா அத்தனையும் ஒரு பக்கமா சரிஞ்சு, பெட்டியே இருதயராஜ் மேல கவுந்திருக்கும்.

"எப்படிப்பா தெரிஞ்சுச்சு?"

அரை மணி நேரம் உக்காந்து யோசிச்சான். "பெட்டி எழும்புனதுக்கு அப்புறம் ஒரு ஆட்டம் வந்துச்சு மேடம். கொஞ்சம் லேட்டா. கைக்குத் தெரிஞ்சிருச்சு, வாய்க்கு வரல."

மேடம் அதையே காரணமா ஏத்துக்கிட்டாங்க, தேறிட்டான். சட்டமும் மாறுச்சு. இனிமே "தெரியல"ன்னும் சொல்லலாம். ஆனா நிறுத்திட்டு இறங்கி, காரணத்தைத் தேடணும். மனப்பாடத்துக்குப் பயந்தவன் எல்லாம் சந்தோஷமா "தெரியல"ன்னான். தேடித் தேடியே, நோட்டுல இல்லாததெல்லாம் கத்துக்கிட்டான்.

அப்புறம் ஒரு நாள் ஒரு கூத்து. எல்லாம் ஒழுங்கா சொல்லியும் லிவர் அசையல.

"ஏன்?"னு தவசீலன் கேட்டான்.

"இன்னும் புரியவில்லை"ன்னுச்சு ஏன்பொறி. "சற்றுப் பொறுங்கள்."

"காரணமே இல்லாம நிறுத்துவியா நீ?"ன்னு எகிறுனான். சொன்ன வாய் மூடல, அவனுக்கே வெக்கமாப் போச்சு. காரணத்தைத் தேட, டார்ச்சை எடுத்துக்கிட்டு ஏணியில இறங்குனான்.

இதைப் படிக்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்க பிள்ளை கணக்குக்கு விடையைச் சட்டுனு சொல்லிட்டு, எப்படின்னு கேட்டா முழிச்சா அடிக்காதீங்க. பக்கத்துல உக்காந்து, ரெண்டு பேருமாத் தேடுங்க.