கழற்றிய தாழ்ப்பாள்

காலையில் முகம்கூடக் கழுவாமல், மூத்த மருமகள் பெரியவளின் கணவன் கையில் திருப்புளியோடு நின்றது, அவர்கள் இருவரும் படுக்கிற அறையின் கதவுக்கு முன்னால்தான். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றாலும் ஓடிப்போய்ச் சரிசெய்கிறவன் அவன். வீட்டில் மட்டும் அம்மா சொல்லிவிட்டால் எதற்கு, ஏன் என்று கேட்கமாட்டான். உள்தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“எல்லா ஸ்க்ரூவையும் எடு. ஒண்ணுகூட இருக்கக் கூடாது!” பேரனைத் தோளில் போட்டுத் தட்டியபடி மாமியார் அதட்டினாள். “பெத்தவ வெளியில நின்னு அழறா... இவ உள்ள பிள்ளையை வச்சுக்கிட்டுத் தாழ் போட்டுக்கறா! நான் மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்கிட்டேன்னுதானே நினைச்சே? நேத்து என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்டி!”

பார்த்தது பொய்யில்லை. நேற்று மதியம் கொழுந்தன் மனைவி சின்னவள் அந்தக் கதவைத் தட்டித் தட்டி அழுதாள். பெரியவள் திறக்கவில்லை.

“சலவைக்கூடத்துல சூப்பர்வைசர் வேலை தேடி வந்துச்சு. வேணாம்னுட்டு விடியக்காலை ஷிஃப்டை வாங்கிக்கிட்டா. எதுக்கு? மதியமானா பிள்ளையைத் தூக்கிட்டுப் போய்க் கதவடைக்கத்தானே! மலடி புத்தி எங்க போகும்?”

திருப்புளி சட்டென்று நின்றது. பெரியவள் கணவனைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுவான், ஒரு வார்த்தையாவது... அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த திருகாணிக்குப் போனான்.

பெரியவளுக்கு நெஞ்சு கொதித்தது. ஏன் தாழ் போட்டாய் என்று கேட்க இந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பழி சொல்ல மட்டும் தாராளமாக வருகிறது! ஒரே வரியில் எல்லாவற்றையும் சொல்லி மாமியாரின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அந்தக் குழந்தையின் தலையில் கைவைத்துச் சின்னவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாளே!

சின்னவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். தலை வாரி எத்தனை நாளாயிற்றோ. அவள் கணவன் கப்பலில் சமையல்காரன். மகனை ஃபோனில் பார்த்ததோடு சரி. வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் பிள்ளை பால் குடித்தானா, தூங்கினானா என்று விசாரித்தார்கள். நீ தூங்கினாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

“கழட்டுங்க,” என்றாள் பெரியவள். “ஆனா அத்தை, இனிமே மதியத்துல நீங்க தூங்கக் கூடாது. பிள்ளை பக்கத்தை விட்டு நகரவும் கூடாது.”

“எனக்கே சட்டம் போடறியா? பெத்தவ கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா, நீ யாருடி?” மாமியார் விறுவிறுவென்று ஜன்னலோரம் போனாள். “இந்தாம்மா, உன் பிள்ளை. இனிமே உன்கிட்டயே இருக்கட்டும். இவ நிழல்கூட அவன்மேல படக் கூடாது!”

சின்னவள் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“வேணாம்... என்கிட்ட குடுக்காதீங்க! அக்காகிட்ட குடுங்க!”

“என்னடி இது கூத்து?”

“தாழ்ப்பாள் போடச் சொன்னதே நான்தான் அத்தை!” சின்னவள் வெடித்து அழுதாள். “நான் வந்து தட்டினாலும் திறக்காதீங்க, கதறினாலும் திறக்காதீங்கன்னு நான்தான் கெஞ்சினேன்... அவன் அழுதா தலைக்குள்ள என்னென்னமோ வருது. தலையணையைக் கையில எடுக்கவே பயமா இருக்கு. ராத்திரி நீங்க பக்கத்துல படுத்திருக்கீங்க. மதியம் நீங்க மாத்திரை போட்டுத் தூங்கிட்டா யாரும் இல்லையே! என் பிள்ளையை என்கிட்டேருந்து காப்பாத்தத்தான் அக்கா அந்தப் பெரிய வேலையை விட்டாங்க. வெளியில தெரிஞ்சா என்னைப் பேய்ம்பீங்கன்னு அவங்க வாயைக் கட்டிப் போட்டேன். நீங்க அந்த வார்த்தை சொன்னப்பகூட கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே... பாவி நான்!”

மாமியார் ஆடிப்போனாள். அவள் கையிலிருந்த குழந்தையைப் பெரியவள் வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் சின்னவளை இழுத்து அணைத்தாள்.

“நீ பாவியும் இல்ல, பேயும் இல்ல. உனக்கு உடம்பு சரியில்லடி. காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட போறதில்லையா? இன்னைக்குப் போகலாம்னு நேத்து ராத்திரிதானே சரின்னு சொன்னே? அதுக்குத்தான் லீவு போட்டிருக்கேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி...” என்றாள் மாமியார்.

“எப்படிச் சொல்லுவா?” பெரியவளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. “ஒருத்தி தடுக்கி விழுந்தா இந்த வீட்டுல தூக்கிவிட யாருக்குக் கை வருது? விழுந்தவளைப் பிள்ளையைப் பாருன்னு விரட்டுவீங்க. தூக்கிவிடப் போனவளை மலடிம்பீங்க!”

“நான்... தாழ்ப்பாளை மாட்டிடறேன்,” என்றான் கணவன், யார் முகத்தையும் பார்க்காமல்.

“மாட்டுவீங்க, அதுக்குத் திருப்புளி இருக்கு. அத்தை சொன்ன வார்த்தையை எதை வச்சுக் கழட்டுவீங்க? அதைக் கேட்டுக்கிட்டு நின்னீங்களே, அதை?”

அவன் குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினான். பெரியவள் சின்னவளுக்குத் தலை வாரி விட்டாள். கிளம்பும்போது குழந்தையை மாமியாரின் மடியில் கிடத்தினாள்.

“என்னை நம்பியா விட்டுட்டுப் போறே?” என்றாள் மாமியார்.

“நம்பித்தான். இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணுமே அத்தை.”

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முட்டி போட்டு, கட்டிலுக்கடியில் உருண்டு போன திருகாணியைத் துழாவிக்கொண்டிருந்தாள் அந்தக் கிழவி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“பெரியவளே! கோவிச்சுக்கிட்டு அப்படியே போயிடமாட்டியே? வந்துடுவே இல்ல?”

“வருவேன்,” என்றாள் பெரியவள், சின்னவளின் கையை இறுகப் பிடித்தபடி. “அவனுக்குப் பெரியம்மா நான்.”